‘மனசு வரலைக்கா’: புதிதாக ஓட வந்த ஒருவரின் ஓராண்டு

பின்னணி

கோவையில் ஓடப் பழகும் ஒரு சிறிய குழுவில், புதிதாக வருகிறவர்களோடு கூட ஓடி அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. புதியவர் ஒருவர் பாதியில் நின்றுவிட்டால் எங்கள் குழுவில் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: ஆர்வம் போய்விட்டது. இங்கே எழுதும் நிகழ்வில் சம்பந்தப்பட்டவரும் தன்னைப் பற்றி அப்படித்தான் நம்பினார். உண்மை வேறாக இருந்தது. அவர் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, நடந்ததைப் பதிவு செய்கிறேன்.

அவருக்கு வயது 37. ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டில் கணவர், மாமியார், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள். அவருடைய அப்பாவுக்கு நாற்பது வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. அலுவலகத்தில் நடந்த மருத்துவ முகாமில் இவருக்கு ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.1 என்று காட்டியது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்பார்கள். அந்த முகாமில் ரத்த அழுத்தமும் எடையும் பார்த்தார்கள், ஹீமோகுளோபின் பார்க்கவில்லை. இந்தத் தகவல் பின்னால் முக்கியமாகிறது.

பள்ளியில் கோ-கோ ஆடியவர், பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஓடியதே இல்லை. ஆடி பிறந்துவிட்டால் மாமியார் எதையும் தொடங்க விடமாட்டார் என்று ஆனி நடுவிலேயே, ஜூன் இறுதி வாரத்தில் எங்களிடம் வந்தார். டிசம்பரில் கோவையில் நடக்கும் மாரத்தானில் 5 கிலோமீட்டர் பிரிவில் ஓடி முடிக்க வேண்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட இலக்கு. கையில் ஐந்து மாதத்துக்கு மேல் இருந்தது. உடம்புக்கு வேறு குறை இல்லாத ஒருவருக்கு அது தாராளமான காலம்.

நாங்கள் பின்பற்றுவது ‘கௌச் டு 5கே’ என்ற திட்டம். அமெரிக்கரான ஜோஷ் கிளார்க் 1996-இல் உருவாக்கியது. வாரம் மூன்று நாள், ஒன்பது வாரம். முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு, 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம் செய்ய வேண்டும். ஓடும் நேரம் மெல்லக் கூடி, ஒன்பதாம் வாரத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடுவதில் முடியும். வாரங்களை நாள்காட்டியோடு ஒட்டவைக்காமல், முடியாத வாரத்தைத் திரும்பச் செய்யலாம் என்பதே நாங்கள் சொல்லும் முதல் விதி.

ஜூலை: வேகம்

ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் காலை ஐந்தரைக்குத் தொடங்குவோம். முதல் வாரத்திலேயே ஒன்று தெரிந்தது: அவர் வேகமாக ஓடினார். அறுபது விநாடிதானே என்று முழு மூச்சாக ஓடிவிட்டு, அடுத்த தொண்ணூறு விநாடியும் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினார். மெதுவாக ஓடுங்கள் என்று சொன்னபோது அவர் சொன்ன பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: “இதுக்கு மேல மெதுவா ஓடுனா நடக்கறவங்களே என்னை முந்திட்டுப் போறாங்க்கா. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?”

புதிதாக ஓட வருகிற பெரியவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கூச்சம் உண்டு, அதிலும் பெண்களுக்குக் கூடுதல். ரேஸ் கோர்ஸில் காலையில் கூட்டம் அதிகம். தெரிந்தவர், அலுவலகத்தில் கூட வேலை செய்பவர், பிள்ளைகளின் பள்ளி ஆசிரியர் என்று யாராவது எதிரே வந்துவிடுவார்கள். அவர்கள் கண்ணில் படும்போது ‘ஓடுகிற மாதிரி’ இருக்க வேண்டும் என்பதற்காகவே வேகம் கூடிவிடுகிறது.

எடுத்த முடிவு எளிமையானது. ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தைத் தாண்டக் கூடாது. ஓடும் வேகம் மூச்சுக்குத் தாங்குகிறதா இல்லையா என்பதற்கு இதைவிடச் சுலபமான அளவுகோல் கிடையாது. நான் பக்கத்தில் ஓடிக்கொண்டே, முந்தின நாள் மகனின் வீட்டுப்பாடக் கதையைச் சொல்லச் சொல்வேன். கதை துண்டு துண்டாக வந்தால் வேகத்தைக் குறைப்போம். கூட்டம் குறைவாக இருக்கும் ஐந்து மணிக்குத் தொடங்கலாம் என்றும் மாற்றிக்கொண்டோம்.

அத்தோடு ஒரு நோட்டுப் போடச் சொன்னேன். அவர் கணக்குப் பிரிவுக்காரர் என்பதால் அதை அழகாகப் போட்டார். கோடு கிழித்து ஐந்து பத்தி: தேதி, எவ்வளவு நேரம், வாட்சில் காட்டிய இதயத் துடிப்பு, முந்தின இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், ஓட்டம் எப்படி இருந்தது என்பதற்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண். கடைசிப் பத்திக்கு அடியில் ஓரிரு வார்த்தைக் குறிப்பு. பின்னால் எங்களுக்கு வழி காட்டியது இந்த நோட்டுதான்.

ஆகஸ்ட்: கால் வலி

நான்காம் வாரத்தில் இரண்டு கணுக்கால்களுக்கும் மேலே, எலும்பின் உள்பக்கம் வலி வந்தது. ஓடத் தொடங்கும்போது வலித்து, கொஞ்சம் சூடானதும் குறைந்து, மறுநாள் காலை படியிறங்கும்போது திரும்ப வந்தது. விரலால் அழுத்திப் பார்த்தால் ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தது. ஒரே ஒரு புள்ளியில் மட்டும் சுருக்கென்று வலித்தால் எலும்பில் நுண்முறிவு இருக்கலாம் என்று உடனே மருத்துவரிடம் அனுப்பிவிடுவோம். இது அப்படி இல்லை. புதியவர்களுக்கு அடிக்கடி வருகிற ‘ஷின் ஸ்ப்ளின்ட்’ வகை வலி.

இதற்குக் காரணம் புரியாததல்ல. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்கு ஆகும். ‘இன்னும் ஓடலாமே’ என்று மூச்சு சொல்கிற நேரத்தில் கால் தயாராக இருக்காது. அவர் போட்டிருந்ததும் அடிப்பாகம் தேய்ந்துபோன பழைய கேன்வாஸ் ஷூ.

இரண்டு வாரம் ஓட்டத்தை நிறுத்தி நடை மட்டும் என்று முடிவு செய்தோம். ஓடுவதற்கென்று செய்த ஷூ ஒன்று வாங்கினார். கடையில் விலையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவரைக் கணவர்தான் திரும்ப உள்ளே கூட்டிப்போனாராம். ஆகஸ்ட் கடைசியில் மூன்றாம் வாரத் திட்டத்திலிருந்து மறுபடி தொடங்கினார். வலி திரும்பவில்லை.

செப்டம்பர்: இருபது நிமிடம்

ஐந்தாம் வாரத்தின் மூன்றாவது நாள்தான் இந்தத் திட்டத்தில் எல்லாரும் பயப்படும் நாள். அதற்கு முந்தைய ஓட்டம் வரைக்கும் எட்டு நிமிடம் ஓட்டம், ஐந்து நிமிடம் நடை, மறுபடி எட்டு நிமிடம் ஓட்டம் என்று இருக்கும். அடுத்த ஓட்டத்தில் திடீரென்று இருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். பெரும்பாலானவர்கள் பயந்துகொண்டே தொடங்கி முடித்துவிடுவார்கள், அல்லது இரண்டாவது மூன்றாவது முயற்சியில் முடிப்பார்கள்.

இவர் பதினோராம் நிமிடத்தில் நின்றார். ஒரு வாரம் கழித்து ஒன்பதாம் நிமிடம். அதற்கடுத்த முறை எட்டே நிமிடம். பயிற்சி கூடக் கூட நேரம் குறைந்துகொண்டே போனது. நோட்டில் மதிப்பெண் 6, 4, 3 என்று இறங்கியது. அடியில் இருந்த குறிப்பு: ‘கால் கனக்குது. தூக்கம் நல்லா இருந்தும் இப்படி.’

அக்டோபர்: மனசு வரல

தீபாவளி நெருங்கியது, வடகிழக்குப் பருவமழையும் தொடங்கியது. ஒரு வாரம் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. போன் செய்தேன். “எனக்கே வெக்கமா இருக்குங்க்கா. அலாரம் அடிக்குது, எந்திரிச்சு உக்காந்தர்றேன், ஷூவ எடுக்கறதுக்கு மனசே வரலைக்கா. நான் சோம்பேறிதான் போல” என்றார்.

அந்தச் சமயத்தில் அவர் வாழ்க்கையில் சோர்வுக்குக் காரணம் சொல்ல நிறைய இருந்தது. அரையாண்டுக் கணக்கு முடிக்கும் வேலை அலுவலகத்தில். வீட்டில் பலகாரம், துணி எடுப்பது, பிள்ளைகளுக்கு மழைக்காலக் காய்ச்சல். “காலங்காத்தால ரோட்டுல ஓடி என்னத்தக் கண்டே” என்ற மாமியாரின் பேச்சு வேறு. இருபது நிமிடத்தில் மூன்று முறை தோற்றதன் வருத்தம் எல்லாவற்றுக்கும் மேல். புதியவர் ஒருவர் நின்றுபோவதற்கு இவை போதும். ஆகவே முதல் முடிவை இவற்றை வைத்தே எடுத்தோம்.

முதல் முடிவு: வருவதைச் சுலபமாக்குவது

இருபது நிமிடத்தைத் தூக்கி ஓரமாக வைத்தோம். வாரம் இரண்டு நாள் போதும். அதுவும் பத்து நிமிடம் நடையும் ஓட்டமுமாக, அதற்குமேல் விருப்பமிருந்தால் மட்டும். எந்த நாள், எத்தனை மணி, வீட்டில் அந்த நேரம் யார் பால் காய்ச்சுவது என்பது வரை முன்கூட்டியே முடிவு செய்து எழுதிவைத்தோம். ‘நேரம் கிடைக்கும்போது ஓடுவேன்’ என்று சொல்பவரைவிட, ‘செவ்வாய் ஐந்து மணிக்கு, அலாரம் அடித்ததும் ஷூ போடுவேன்’ என்று சொல்பவர் அதைச் செய்ய வாய்ப்பு அதிகம் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் தொண்ணூறுகளிலேயே காட்டியிருக்கிறார். கணவர் அந்த இரண்டு காலைகளில் சமையலறையை எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டார். சொன்னபடியே செய்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

விட்டுப்போன வாரங்களைப் பற்றி அவருக்கு இருந்த குற்ற உணர்வைக் குறைப்பதும் அவசியமாக இருந்தது. லண்டனில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு செயல் பழக்கமாகச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வித்தியாசப்பட்டது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெடவில்லை. இதை அவருக்குச் சொன்னபோது, “21 நாள்னு சொல்வாங்களே?” என்று கேட்டார். அந்த 21 நாள் கணக்கை நம்பி, இருபத்திரண்டாம் நாள் காலையும் கஷ்டமாக இருப்பதைப் பார்த்துத் தன்மேல் பழி போட்டுக்கொள்பவர்கள் எத்தனையோ பேர்.

இந்த முடிவு ஒரு வகையில் பலித்தது. அவர் வந்தார். அடுத்த மூன்று வாரமும் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

நவம்பர்: கவனித்தது

வந்தார், ஆனால் ஓட்டம் இன்னும் மோசமானது. பிரச்சினை மனசில் மட்டும் இருந்திருந்தால், மனசைச் சரிசெய்து ஆளை மைதானத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஓட்டம் மெல்ல மேலேறியிருக்க வேண்டும். இங்கே வருகை ஏறியது, ஓட்டம் இறங்கியது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் போவதை நோட்டில் பார்த்தபோதுதான் இது வேறு விஷயம் என்று தோன்றியது.

நோட்டை ஜூலைப் பக்கத்திலிருந்து இருவரும் உட்கார்ந்து புரட்டினோம். ஜூலையில் பேசிக்கொண்டே ஓடிய வேகத்தில் இதயத் துடிப்பு 155-ஐ ஒட்டி இருந்தது. நவம்பரில் அதைவிட மெதுவான வேகத்தில், அதே பாதையில், அதே குளிர்ந்த காலை நேரத்தில், 172, 175. மணிக்கட்டு வாட்ச் துல்லியமானதல்ல. ஆனாலும் ஒரே வாட்ச் ஐந்து மாதமாக ஒரே திசையில் ஏறிக்கொண்டு போவதைத் தள்ளிவிட முடியாது. இரண்டாவதாக, மாதத்தில் ஒரு வாரம் மதிப்பெண் அதலபாதாளத்துக்குப் போவதும், அது ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை வருவதும் தெரிந்தது. அந்தப் பக்கங்களில் ‘லீவு’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

மூன்றாவது நோட்டில் இல்லாதது. பேசிக்கொண்டே இருந்தவர் ஹேண்ட்பேக்கைத் திறந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். உள்ளே பச்சரிசி. ஒரு கை அள்ளி வாயில் போட்டு மென்றார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “சின்ன வயசுல அரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழை வரும்னு அம்மா திட்டுவாங்க. கல்யாணம்தான் ஆயிருச்சே” என்று சிரித்தார். எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒரு வருடமாக, இப்போது தினமும், ஆபீஸ் மேஜையிலும் ஒரு டப்பா இருக்கிறது என்றார். இரண்டாம் மாடிக்குப் படியேறினால் நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது, முடி கொட்டுகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகு, கேட்கக் கேட்கத்தான் வந்தது.

அரிசி, மண், சாம்பல், ஐஸ்கட்டி என்று எதையாவது தின்னத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவின் பழைய, நன்கு அறியப்பட்ட அறிகுறி. நம் ஊரில் அதைப் பெண்பிள்ளைகளின் கெட்ட பழக்கமாகப் பார்த்துத் திட்டி முடித்துவிடுகிறோம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். அப்படிப் பார்த்தால் புதிதாக ஓட வரும் பெண்களில் ரத்தசோகை உள்ளவர் இருப்பது விதிவிலக்கே அல்ல.

மாதவிலக்கு பற்றிக் கேட்டேன். எட்டு நாள் போகும், இரண்டாம் மூன்றாம் நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டும் என்றார். “அம்மாவுக்கும் இப்படித்தானுங்க்கா. எல்லாருக்கும் அப்படித்தானே?” எல்லாருக்கும் அப்படி இல்லை என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

அந்த நிமிடமே ஓட்டத்தை நிறுத்திவைத்து, மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். தானாக இரும்பு மாத்திரை வாங்கிப் போட வேண்டாம் என்றும் சொன்னேன். அளவு தெரியாமல் போட்டால் காரணம் மறைந்துவிடும். ரத்தம் எங்கே போகிறது என்ற கேள்வி அப்படியே நின்றுவிடும்.

மருத்துவரிடம்

ஹீமோகுளோபின் 9.4 என்று வந்தது. கர்ப்பமில்லாத பெண்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 12. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6 மட்டுமே. தைராய்டு சரியாக இருந்தது. ஸ்கேனில் கருப்பையில் சிறிய நார்க்கட்டிகள் தெரிந்தன. அறுவை சிகிச்சை இப்போதைக்குத் தேவையில்லை என்று, அதிக ரத்தப்போக்கு உள்ள நாட்களுக்கு மாத்திரையும், இரும்பு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார் மகப்பேறு மருத்துவர். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி கூடாது என்றார். காலை டிபன் முடிந்த கையோடு காபி குடிக்கிற வீடு அது. டீயும் காபியும் இரும்பை உடம்பு உறிஞ்ச விடாமல் தடுக்கும். எலுமிச்சை, நெல்லி போன்ற புளிப்புப் பழங்கள் உதவும். முதல் பத்து நாள் வயிறு ஒத்துழைக்கவில்லை. மருத்துவரிடம் சொன்னதும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று மாற்றிக் கொடுத்தார்.

ஓட்டத்தோடு இதற்குள்ள தொடர்பு நேரானது. ஆக்சிஜனைத் தசைக்குத் தூக்கிப்போவது ஹீமோகுளோபின். அது குறைந்தால் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும். மெதுவாக ஓடியும் துடிப்பு 175 ஏறியதற்கும், கால் கனத்ததற்கும் காரணம் இதுதான். பயிற்சி கூடும்போது தேவையும் கூடுகிறது, மாதாமாதம் இழப்பும் நடக்கிறது, சேமிப்போ காலி. ஷூவைப் பார்த்ததும் உடம்பு பின்வாங்கியதைத்தான் அவர் ‘மனசு வரல’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றையும் அந்த மருத்துவர் சொன்னார். இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். எனவே அந்த 6.1-ஐ அப்படியே நம்பாமல், வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்தார்: 98. நூறுக்குக் கீழே என்றால் சரியான அளவு. ரத்தசோகை சரியானதும் ஹெச்பிஏ1சி மறுபடி பார்க்கலாம் என்றார்.

நல்ல செய்திதான். ஆனால் அவர் கேட்டது: “அப்போ நான் ஓட வந்ததே தேவையில்லாததா?”

இரண்டாவது முடிவு: டிசம்பரை விடுவது

ஓட்டம் முழுவதும் நிற்கட்டும், மூச்சு வாங்காத அளவுக்கு நடை மட்டும் இருக்கட்டும் என்பது மருத்துவரின் அறிவுரை. மாரத்தானுக்கு ஒரு மாதத்துக்கும் குறைவாக இருந்தது. ஏற்கெனவே பணம் கட்டிப் பெயர் பதிந்திருந்தார். ‘நடந்தாவது முடிக்கிறேனே’ என்று கேட்டார். சமதரையில் 5 கிலோமீட்டர் நடப்பது அவரால் முடியாத காரியமல்ல. ஆனால் கூட்டமும் ஆரவாரமும் இருக்கும் இடத்தில் நடையாகவே முடிக்கிற ஆள் அவர் இல்லை என்பதை ஜூலையிலேயே பார்த்திருந்தேன். வேண்டாம் என்று முடிவானது.

மாரத்தான் நாளன்று குழுவில் எல்லாரும் படம் அனுப்பினார்கள். அவரிடமிருந்து பதில் இல்லை, போனையும் எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, நடைக்குப் போனதாக ஒரு வரி எழுதினார். இப்படிப்பட்ட சமயத்தில் தட்டிக்கொடுத்துப் பேசுவதைவிட, அடுத்த பரிசோதனை என்றைக்கு என்று கேட்டு வைப்பதே நல்லது என்று நினைக்கிறேன். அதைத்தான் செய்தேன்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை: மறுபடி ஓட்டம்

மாத்திரை தொடங்கி ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 10.8. அரிசி தின்னும் ஆசை அதற்கு முன்பே, இரண்டாம் வாரத்திலேயே போய்விட்டது. “டப்பா அப்படியே இருக்குதுங்க்கா, தொடவே தோணல” என்று அவரே ஆச்சரியப்பட்டார். பொங்கல் முடிந்து, மருத்துவர் சம்மதித்த பிறகு, இரண்டாம் வாரத் திட்டத்திலிருந்து ஓடத் தொடங்கினார்.

வித்தியாசம் நோட்டில் உடனே தெரிந்தது. ஒவ்வொரு வாரமும் துடிப்பு இறங்கியது, மதிப்பெண் ஏறியது. பிப்ரவரிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் நேரத்தைப் பார்க்க வேண்டாமென்று வாட்சைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினார். மகளின் பள்ளி ஆண்டுவிழா நடனத்துக்கு எந்தக் கடையில் துணி எடுத்தது என்பதில் தொடங்கி, தையல்காரர் அளவைக் கெடுத்த கதை வரை சொல்லி முடித்தார். இருபத்தோரு நிமிடம் ஆகியிருந்தது. சொன்னதும் நின்றுவிட்டார், நம்பவில்லை. அன்றைய துடிப்பு எங்களுக்குத் தெரியாது, வாட்ச் என் கையில் இருந்ததால்.

மார்ச்சில் ஹீமோகுளோபின் 12.3 ஆனது. ஏப்ரல் நடுவில் ரேஸ் கோர்ஸை இரண்டு சுற்று, ஏறத்தாழ 5 கிலோமீட்டர், 43 நிமிடத்தில் நிற்காமல் ஓடினார். பதக்கமோ எண் அட்டையோ இல்லாமல், ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை. ஹீமோகுளோபின் சரியாகிவிட்டதென்று மாத்திரையை நிறுத்தக் கூடாது, சேமிப்பு நிரம்ப இன்னும் சில மாதம் ஆகும் என்பதை மருத்துவர் அழுத்திச் சொல்லியிருந்தார். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

அதே சமயம் எடுத்த ஹெச்பிஏ1சி 5.6. இதில் ஓட்டத்தின் பங்கு எவ்வளவு, இரும்பு சரியானதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

மே: இன்னொரு சோர்வு

மே மாதம் மறுபடி நின்றார். கோடை விடுமுறை, பிள்ளைகளோடு ஊருக்குப் போனது, வெயில். திரும்பி வந்த பிறகும் இரண்டு வாரம் ஆளைக் காணோம். இம்முறையும் அவர் சொன்னது அதே வார்த்தைதான்: மனசு வரல.

முதலில் நோட்டைப் பார்த்தோம். நிற்பதற்கு முந்தைய ஓட்டங்களில் மதிப்பெண் 7, 8. துடிப்பு சரி. படியேறினால் மூச்சு வாங்கவில்லை, அரிசி டப்பா இல்லை, மாத்திரை தவறவில்லை. உடம்பில் குறை தெரியவில்லை. இது அக்டோபரில் வந்த சோர்வு அல்ல. பேசியபோது அவரே காரணத்தைச் சொன்னார். அப்பாவைப் போல ஆகிவிடுவோமோ என்ற பயம்தான் அவரை ஜூனில் ஓட வைத்தது. 5.6 என்ற எண்ணைப் பார்த்ததும் பயம் போனது, அதோடு ஓடும் காரணமும் போய்விட்டது.

அப்பாவுக்கு இளவயதில் சர்க்கரை வந்திருப்பதால் இவருக்கு அந்த வாய்ப்பு போய்விடவில்லை என்பது உண்மை. அதைச் சொல்லி மறுபடி பயமுறுத்தியிருந்தால் சில வாரம் வந்திருப்பார். ஆனால் பயத்தில் ஓடுகிறவர் பயம் குறையும்போதெல்லாம் நிற்பார். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது இங்கே பொருந்துகிறது: தானே தேர்ந்தெடுத்தோம், நம்மால் முடிகிறது, கூட மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற மூன்றும் இருந்தால்தான் ஒரு செயல் நிலைக்கும். அவருக்கு இரண்டாவது புதிதாகக் கிடைத்திருந்தது. முதலாவது இல்லை. இடம், நேரம், திட்டம் எல்லாம் நாங்கள் கொடுத்தது.

ஆகவே, எங்கே எப்போது ஓடுவது என்பதை அவரிடமே விட்டோம். ரேஸ் கோர்ஸ் வேண்டாம் என்றார். வீட்டுக்குப் பக்கமான உக்கடம் பெரியகுளக் கரை, மாலை ஆறு மணி. அலுவலகத்திலிருந்து வந்ததும் உடனே கிளம்பிவிட்டால் சமையலுக்கு முன் திரும்பலாம் என்று கணக்குப் போட்டார். மகன் சைக்கிளில் கூட வர ஒப்புக்கொண்டான். எங்கள் குழுவுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு வந்தால் போதும் என்று ஆனது. ஜூன் நடுவிலிருந்து வாரம் இரண்டு, சில வாரம் மூன்று நாள் ஓடுகிறார். மழை வந்தால் போவதில்லை. அதற்காக வருந்துவதும் இல்லை. மாமியார் இன்னும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் ஆறு மணிக்கு வாசல் கதவைத் திறந்துவைக்கிறார்.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

புதிதாக வருகிறவர்களிடம் இதுவரை மூட்டு வலி, இதயக் கோளாறு, சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றி மட்டுமே கேட்டுவந்தோம். இப்போது படியேறினால் எப்படி இருக்கிறது, அரிசி, சாக்பீஸ், ஐஸ் போன்றவற்றைத் தின்னத் தோன்றுகிறதா, கடைசியாக ஹீமோகுளோபின் எப்போது பார்த்தது என்றும் கேட்கிறோம். மாதவிலக்கு பற்றிய கேள்வியைப் பெண்களே பெண்களிடம் தனியாகக் கேட்கிறோம். ‘அதிகமாகப் போகுமா’ என்று கேட்டால் ‘சாதாரணம்தான்’ என்றே பதில் வரும். எத்தனை நாள், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது என்று கேட்டால்தான் உண்மை தெரிகிறது. இந்தக் கேள்விகளுக்குப் பிறகு குழுவில் இன்னும் சிலர் ரத்தம் பார்த்தார்கள். அவர்களில் ரத்தசோகை இருந்தவர்கள் உண்டு.

சோர்வு என்று ஒருவர் சொன்னால், அவர் வராமல் இருக்கிறாரா, அல்லது வந்தும் ஓட்டம் இறங்குகிறதா என்பதை முதலில் பிரித்துப் பார்க்கிறோம். வந்தும் மூன்று வாரம் தொடர்ந்து இறங்கினால் ஊக்கப்படுத்தும் பேச்சு எதுவும் கிடையாது, ரத்தப் பரிசோதனைதான். ஆண்களுக்கும் இதே விதி. வயதான ஒருவருக்கு ரத்தசோகை இருந்தால் குடலில் ரத்தக் கசிவு வரைக்கும் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் அவர்கள் விஷயத்தில் இன்னும் அவசரம். நோட்டுப் போடுவதை எல்லாருக்கும் வழக்கமாக்கியிருக்கிறோம். செல்போன் செயலி பிடித்தவர்கள் அதில் போடலாம், ஆனால் மதிப்பெண்ணும் குறிப்பும் கையால் எழுதியே ஆக வேண்டும்.

போட்டிக்குப் பணம் கட்டுவதை ஆறாம் வாரம் முடியும் வரை தள்ளிப்போடச் சொல்கிறோம். முன்கூட்டியே பணம் கட்டினால் ஊக்கம் வரும் என்று குழுவில் சிலர் இன்னும் வாதாடுகிறார்கள். சிலருக்கு அது உதவுவதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் உடம்பு முடியாதபோது நிற்க விடாமல் இழுப்பதும் அந்தப் பணம்தான்.

அவருடைய ஃபெரிட்டின் கடைசியாகப் பார்த்தபோது 31. இன்னும் கூட வேண்டும் என்று மாத்திரை தொடர்கிறது. நார்க்கட்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். இந்த டிசம்பருக்கு 10 கிலோமீட்டரில் பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். செப்டம்பர் பரிசோதனை முடிவு வந்த பிறகு சொல்வதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார்.